கவ்வாலிப் பாடகர்கள் ஒரே வரியை ஏன் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்?

கவ்வாலி என்பது சூஃபிகள் எனப்படும் இஸ்லாமிய ஞானிகளின் தர்காக்களில் குழுவாகப் பாடும் பக்திப் பாட்டு. முதன்மைப் பாடகர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கைதட்டி வாங்கிப் பாடுவார்கள். கிட்டத்தட்ட நம்மூர் பஜனை மாதிரி. கேட்பவர் எந்த வரியில் மெய்மறக்கிறாரோ, அந்த வரியை விட்டு நகரக் கூடாது என்பது மரபு. அதனால்தான் ஒரே வரி அத்தனை முறை வருகிறது.

இதில் உச்சம் தொட்டவர் பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கான். 1948இல் பைசலாபாத்தில் கவ்வாலிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கோ மகனை டாக்டராக்க ஆசை! 1964இல் அப்பா காலமானார். 1971இல் குடும்பக் குழுவின் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை உயர்த்தி, சொற்களுக்கு நடுவே ச ரி க ம என்று ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் அள்ளி வீசுவார். அதைக் கேட்க மொழியே தேவையில்லை. 1985இல் இங்கிலாந்தின் வோமாட் என்ற உலக இசை விழாவில் பாடியபின் மேற்குலகமும் இவரைக் கொண்டாடியது. 1997இல் லண்டனில் இறந்தபோது வயது 48தான்.

அப்புறம், பாட்டில் மதுவும் போதையும் வருவதால் இதைக் குடிப்பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். சூஃபி கவிதையில் அந்தப் போதை இறைவன் மேல் கொண்ட காதல்.