கிரவுஸ் வேட்டைக்கு எந்த ரிப்?

வணக்கம். மினசோட்டாவில் இருக்கிறேன். வரும் இலையுதிர் காலத்தில் ரஃப்டு கிரவுஸ் என்ற காட்டுப்பறவை வேட்டைக்குப் போக ஆசை. 20 கேஜ் (குழலின் அளவு) ஷாட்கன் வாங்கக் கடைக்குப் போனால், குழல்மேல் உயரமான, அகலமான, அடியில் இடைவெளி விட்ட வென்ட் ரிப் (குழல்மேல் நீளவாக்கில் ஓடும் குறிபார்க்கும் பட்டை) உள்ளதைத்தான் காட்டுகிறார்கள். ரிப்பே இல்லாத பழைய துப்பாக்கி போதும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது?
(ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் காட்டியது, பறக்கவிடும் தட்டுகளைச் சுடும் ட்ராப் போட்டிக்கான துப்பாக்கி போலிருக்கிறது. அங்கே ஒரு சுற்றுக்கு 25 களிமண் தட்டுகள். சுற்றுமேல் சுற்றாகச் சுடுவார்கள். குழல் சூடேறி அதன்மேல் கானல் நெளியும், குறி கலங்கும். அந்தச் சூடு கலையத்தான் ரிப்பைச் சிறு கால்கள்மேல் நிறுத்திக் காற்றோட விட்டார்கள். உயரத்துக்கும் காரணம் உண்டு. தட்டு மேலேறிக்கொண்டே போகும். தலையை நிமிர்த்தியபடி, தட்டைக் குழல் மறைக்காமல், சற்று மேலே சுட உயர்ந்த ரிப் உதவும்.

கிரவுஸ் வேட்டை வேறு கதை. நாளெல்லாம் ஆஸ்பென் மரக்காட்டில் நடந்து நாலைந்து தோட்டா செலவானாலே பெரிய விஷயம். பறவை படபடவென்று கிளம்பி கண் இமைப்பதற்குள் மரங்களுக்குப் பின்னால் போய்விடும். அப்போது கண் பறவைமேல்தான் இருக்க வேண்டும். ரிப்பைத் தேடினால் கை தயங்கும். ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) பறவைக்குப் பின்னால் போகும்.

எனவே தாழ்வான, 6 மில்லிமீட்டர் வாக்கில் ஒடுங்கிய, வெயில் பளபளக்காதபடி மேலே சொரசொரப்பாக வரி வெட்டிய ரிப்பைப் பாருங்கள். பக்கம்பக்கமாக இரட்டைக்குழல் என்றால், குழல்களுக்கு நடுவே பள்ளமாக இறங்கும் ஆங்கிலேய பாணி ரிப்தான் என் விருப்பம். கனம் குறைவு, கண்ணிலும் படாது. லண்டனின் துப்பாக்கி தயாரிப்பாளர் ராபர்ட் சர்ச்சில் இதற்கு நேர்மாறாகச் செய்தார். 1920-களில் 25 அங்குலக் குட்டைக் குழல்மேல், நுனி நோக்கி ஒடுங்கும் உயர்ந்த ரிப்பை வைத்தார். குழல் நீளமாகத் தெரியும். அதைக் கொண்டாடுபவர்களும் உண்டு, திட்டுபவர்களும் உண்டு.

தாழ்ந்த வென்ட் ரிப் என்றால் தாராளமாக வாங்கலாம். எங்காவது இடித்தால் நசுங்கும், இடுக்கில் ஈரமும் இலைத்தூளும் சேரும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடுங்கள். நண்பர் சொல்லும் வெறுங்குழலும் மோசமில்லை.

ரிப்பைவிடக் கட்டை (தோளிலும் கன்னத்திலும் பதியும் பின்பகுதி) உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். ஷாட்கன்னில் கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் பின்குறி கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துக்கொண்டு, பத்திரமான திசையில், கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தால் ரிப் கொஞ்சமாகவும் அதன் முனையில் உள்ள சிறு குறிமணியும் தெரிய வேண்டும். ரிப் நிறையத் தெரிந்தால் சுடுவது மேலே போகும். துப்பாக்கியின் முதுகு மட்டுமே தெரிந்தால் கன்னம் பதியும் இடம் தாழ்வு.

அப்புறம் 16 கஜத்தில் பெரிய தாள் கட்டி, குறிபார்க்காமல் சட்டென்று ஏற்றிச் சில முறை சுடுங்கள். அந்தத் தூரத்தில் ரவை ஓர் அங்குலம் விலகினால், கட்டையில் சுமார் 1/16 அங்குலம் திருத்த வேண்டும் என்பது பழைய கணக்கு. அந்தத் தாளோடு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.