பரிசு கொடுத்தால் அலுவலகச் செலவு குறையுமா?

கேள்வி: தமிழ்நாடு அரசின் மாவட்ட அலுவலகம் ஒன்றுக்குச் சமீபத்தில் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆண்டு முழுக்க எதுவும் வாங்காமல் இருந்துவிட்டு, மார்ச் வந்ததும் "பணம் லேப்ஸ் ஆகிவிடும்" என்று டோனர், நாற்காலி, ஏசி என வாங்கிக் குவிக்கிறார்கள். சிக்கனம் பற்றி சுற்றறிக்கை அனுப்பினேன், பலனில்லை. மிச்சப்படுத்துகிற ஊழியருக்குப் பரிசு அறிவிக்கலாமா?

பதில்: பரிசு அப்புறம் இருக்கட்டும். முதலில் உங்கள் ஊழியர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். செலவழிக்காமல் விட்ட பணம் மார்ச் 31 அன்று ஒதுக்கீட்டிலிருந்து போய்விடும். அது போதாதென்று, "போன வருஷமே மிச்சம் வைத்தீர்களே" என்று அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள். மிச்சம் பிடித்தவருக்குத் தண்டனை, தீர்த்துவிட்டவருக்கு நிம்மதி. இந்த நிலையில் ஒரு சுற்றறிக்கை என்ன செய்யும்?

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கொள்முதல்களை லீப்மன், மஹோனி என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். நிதியாண்டின் கடைசி வாரச் செலவு, மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு இருந்தது. அந்த வாரத்தில் தொடங்கிய தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் தரமும் தாழ்ந்திருந்தது. மீந்த பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் அனுமதி பெற்றிருந்த அந்நாட்டு நீதி அமைச்சகத்தில் மட்டும் அந்தத் தரச் சரிவு இல்லை. நம் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளும் ஆண்டு இறுதி அவசரச் செலவை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கின்றன. விதி இருந்தும் அவசரம் நிற்கவில்லை என்றால், கோளாறு விதியைத் தாண்டி வேறெங்கோ இருக்கிறது.

பணம் வீணாவது என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது லஞ்சம்தான். ஆனால் இத்தாலியின் அரசு அலுவலகங்கள் ஒரே மாதிரிப் பொருட்களுக்குக் கொடுத்த விலைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், வீண் செலவில் 83 சதவீதம் யாருக்கும் ஆதாயம் தராத வீண் என்று தெரியவந்தது. விலை விசாரிக்க நேரமில்லாதது, நடைமுறைச் சிக்கல், அக்கறைக் குறைவு எல்லாம் இதில் அடக்கம். ஊழியர்களைத் திருடர்கள்போல நடத்தும் கண்காணிப்பு இந்தப் பெரிய பங்கைத் தொடவே தொடாது.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கிடைக்கிறது. அங்கே 26 மாவட்டங்களில் சுமார் 600 கொள்முதல் அலுவலர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வாங்கியவை தாள், டோனர் மாதிரியான சாதாரணப் பொருட்கள்தான். ஒரு பிரிவினருக்கு ஊக்கத்தொகை. இன்னொரு பிரிவினருக்குச் சுதந்திரம்: கையில் சிறு முன்பணம், பில்லுடன் என்னென்ன இணைக்க வேண்டும் என்ற இறுதியான பட்டியல். சுதந்திரம் கிடைத்தவர்கள் தரம் குறையாமல் 9 சதவீதம் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். பில்லை இழுத்தடிக்கும் தணிக்கை அலுவலகம் இருந்த இடங்களில் பலன் இன்னும் அதிகம். ஊக்கத்தொகையோ, இழுத்தடிப்பு இல்லாத இடங்களில்தான் வேலை செய்தது. ஆக, வழி அடைபட்டிருக்கும்போது பரிசு உதவாது. முதலில் வழியைத் திறந்துவிடுங்கள்.

எங்கே அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போன ஆண்டின் சில்லறைச் செலவின பில்களை எடுத்து, மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். கருவூலத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பில்களைத் தனியாக வையுங்கள். ஒரே குறைக்காகப் பல பில்கள் திரும்பியிருந்தால், கருவூல அலுவலரை நேரில் பார்த்து, எந்த பில்லுக்கு எந்தெந்தச் சான்று வேண்டும் என்று எழுதி வாங்கி, பில் போடுகிற உதவியாளர் மேசையில் ஒட்டுங்கள். பில் திரும்பி வரும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் ஜூனில் வாங்க முன்வரமாட்டார்கள்.

அடுத்தது விலை. இருப்புப் பதிவேட்டில் பொருள் வந்ததும் தீர்ந்ததும் இருக்கும். வாங்கிய விலையும், எத்தனை நாள் உழைத்தது என்பதும் பெரும்பாலும் இருக்காது. அந்த இரண்டு பத்திகளைச் சேருங்கள். பிரிண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த விலைப்புள்ளி என்று வாங்கிய மெஷினுக்கு கார்ட்ரிட்ஜ் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டில் கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்தது மெஷின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் அது வேறு வேறு பில்களில் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. கார்ட்ரிட்ஜ் விலையை அது அடிக்கும் பக்கங்களால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று வந்துவிடும். அடுத்த முறை விலைப்புள்ளி கேட்கும்போது, ஒரு பக்கச் செலவு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று தேவைக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். "விலை குறைந்ததை விட்டுவிட்டு ஏன் இதை வாங்கினீர்கள்" என்ற தணிக்கைக் கேள்விக்கும் அதுவே பதில். காரணத்தைக் கோப்பில் எழுதி நீங்கள் கையெழுத்திடுங்கள். உதவியாளரைத் தனியாக மாட்டிவிடாதீர்கள். நிர்வாகத்தில் மற்ற எதையும்விட ஊழியருக்குத் தைரியம் கொடுப்பது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

விலைப்புள்ளி வரம்புக்குள் அடக்க ஒரே தேவையைத் துண்டு துண்டாக வாங்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். விதிப்படியும் தவறு, மொத்தமாக வாங்கினால் கிடைக்கும் விலைக் குறைப்பும் போய்விடும்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், ரொக்கம் வேண்டாம். மிச்சத்துக்குப் பணம் என்றால் களப்பணியாளரின் பயணப்படியிலும் மருந்திலும்தான் முதலில் கை வைப்பார்கள். அது சிக்கனம் அல்ல, மக்களுக்குச் சேர வேண்டியதைக் குறைப்பது. அதற்குப் பதிலாக, மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை ஊழியர்களே கேட்கும் வேலைக்குத் திருப்ப முடியுமா என்று பாருங்கள். பெண் ஊழியர்களின் கழிப்பறைப் பழுது, மனு கொடுக்க வருபவர்களுக்கு நிழற்கூரை, குடிநீர் இயந்திரம் என்று எதுவாகவும் இருக்கலாம். செலவுத் தலைப்பு மாறுமானால் உரிய அதிகாரியின் மறு ஒதுக்கீட்டு ஆணை கட்டாயம். ஆகவே மார்ச்வரை காத்திருக்காமல், திருத்திய மதிப்பீடு கேட்கும்போதே காரணத்துடன் கருத்துரு அனுப்புங்கள். உண்மையிலேயே தேவைப்படாத தொகையை அப்போதே சரண்டர் செய்யுங்கள், அதாவது அரசிடமே திருப்பி ஒப்படையுங்கள். கூடவே, எந்த விலையை எப்படிக் குறைத்ததால் அது மீந்தது என்றும், அடுத்த ஆண்டுத் தேவை எவ்வளவு என்றும் தனிக் கடிதம் எழுதுங்கள். வெறுமனே "செலவாகவில்லை" என்று போனால்தான் ஒதுக்கீட்டை வெட்டுவார்கள்.