பதினொரு மாதம் கழித்து ஒரு நன்றிக் கடிதம்

கேள்வி: போரில் என் ஒரே மகனைப் பறிகொடுத்துப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. அவனுடன் பணியாற்றிய இளைஞர் ஒருவர், அவனுடைய கைக்கடிகாரத்தை வாரைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றி அனுப்பியதோடு, கடைசி வரை அருகில் இருந்ததாகக் கடிதமும் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பல வாரங்கள் எங்கள் வீட்டுக் குப்பையைத் தாமே எடுத்துச் சென்று கொட்டினார். இன்று வரை யாருக்கும் நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால், அவன் போய்விட்டதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாகிவிடுமோ என்று கை எழ மறுக்கிறது. இனி எழுதுவது தவறாகுமா?
– ஒரு தந்தை

பதில்: அன்புள்ள ஐயா,

தவறே ஆகாது. நன்றிக்கடன் என்றொரு சொல் நம்மிடம் புழங்குவதாலோ என்னவோ, நன்றி சொல்வதைக் கணக்குத் தீர்ப்பதாகவே எண்ணிப் பழகிவிட்டோம். நீங்கள் அஞ்சுவதும் அதைத்தான். ஆனால் அந்தக் கைக்குட்டையைப் பிரித்தபோது உங்களுக்குள் நெகிழ்ந்த ஒன்று, மகனின் மரணத்தை ஏற்றுக்கொண்டதால் நெகிழவில்லை. அவனுடைய பொருளை ஒருவர் அவ்வளவு பதமாகக் கையாண்டிருக்கிறாரே என்பதால் நெகிழ்ந்தது. அதை மட்டும் எழுதினால் போதும். போரின் மீது உங்களுக்குள்ள கோபம் அப்படியே இருக்கட்டும்.

அந்த இளைஞரை நினைத்துப் பாருங்கள். நண்பனின் தந்தைக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் எத்தனை தாள்களைக் கிழித்திருப்பாரோ! பதில் வராத நிலையில், தாம் மட்டும் உயிரோடு திரும்பியதை அந்தப் பெரியவர் குற்றமாக எண்ணுகிறாரோ என்றுகூட அவர் மருகிக்கொண்டிருக்கலாம்.

முதல் உலகப் போரின்போது, ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக 1915இல் கெய்ரோவில் ஒரு விசாரணை அலுவலகத்தைத் தொடங்கிய வேரா டீக்கினுக்கு அப்போது வயது 23. காணாமற்போனவர்களையும் இறந்தவர்களையும் பற்றி, மருத்துவமனைகளில் கிடந்த காயமுற்ற வீரர்களிடம் தொண்டர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ள, அந்த விவரங்கள் பெற்றோருக்குக் கடிதமாகப் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலும் துயரச் செய்திகளே. இருந்தும், மகன் எப்படி இறந்தான் என்பதையாவது சொன்னீர்களே என்று நன்றி தெரிவித்து எழுதிய பெற்றோர் உண்டு. அவர்களில் எவரும் தம் மகனின் இழப்புக்குச் சம்மதித்து அதை எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆகவே, சிறிதாக எழுதுங்கள். தாமதத்துக்கு நீண்ட மன்னிப்பு வேண்டாம். கடிகாரம் வந்து சேர்ந்தது, வாரைத் துடைத்து அனுப்பியிருந்ததைக் கவனித்தேன், அருகில் இருந்ததற்கு நன்றி என்று மூன்று வரிகள் போதும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதமே தேவையில்லை. அழைப்பு மணியைக்கூட அடிக்காமல் உதவியவராகத்தான் இருப்பார். அத்தகையவர்களை உட்காரவைத்து நன்றி சொன்னால் கூசிப்போவார்கள். வாசலில் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

‘மகனை நாட்டுக்குத் தந்தவர்’ என்று யாரேனும் உங்களைப் புகழ்ந்திருந்து, அது உங்களைக் குத்தியிருந்தால், அவர்களுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. பறிகொடுத்தேன் என்றுதானே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்!

முதல் கடிதம் அந்த இளைஞருக்கே போகட்டும். மனம் இடம் கொடுத்தால், அதன் கடைசி வரியில் ஒன்று கேளுங்கள்: அங்கே இருந்த நாட்களில் உங்கள் மகன் எதையெதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான் என்று. நீங்கள் பார்க்காத அந்த நாட்கள் அவரிடம் இருக்கின்றன.