5 இடமும் ஒரே அணிக்குப் போவது ஏன்?

டாக்டர், 300 பேர் வாக்களித்தும் சங்க நிர்வாகக் குழுவின் 5 இடங்களையும் ஒரே அணி அள்ளுகிறது, எண்ணிக்கையில் தில்லுமுல்லோ என்று கேட்டிருக்கிறீர்கள். தில்லுமுல்லே தேவையில்லை. ஆளுக்கு 5 வாக்கு என்ற முறையில் 160 பேர் கட்டுக்கோப்பாக ஒரே பட்டியலுக்குப் போட்டால், மீதி 140 பேருக்கு ஒரு இடமும் கிடைக்காது.

ஒற்றை மாற்று வாக்கு முறையைக் கோருங்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண்ணிடுவார்; வென்றவருக்கு மிஞ்சிய வாக்கும் விலக்கப்பட்டவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்கு மாறும். இடங்களின் எண்ணிக்கையோடு 1 கூட்டி, செல்லும் வாக்குகளை அதனால் வகுத்து, வரும் முழு எண்ணோடு இன்னொரு 1 சேர்த்தால் வெற்றிக்கான அளவு. உங்கள் கணக்கில் 300-ஐ 6-ஆல் வகுத்தால் 50, ஆக 51. அந்த 140 பேரும் தங்கள் வேட்பாளர்களையே முதலில் வரிசைப்படுத்தினால் 2 இடம் உறுதி. அயர்லாந்திலும் மால்டாவிலும் நாடாளுமன்றத் தேர்தலே இப்படித்தான்.

ஆனால் பதவிக்காலத்தைப் பிரித்து ஆண்டுக்கு ஒரு இடம் மட்டும் நிரப்ப விடாதீர்கள். அப்போது 151 வேண்டும், பழைய கதைதான். (ஆளும் அணி முதலில் இதைத்தான் முன்மொழியும் என்பது என் ஊகம்!)

விதித் திருத்தத்துக்கு என்ன பெரும்பான்மை என்று பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால், 300 பேரும் வந்தால் அந்த 140 பேரோடு ஆளும் அணியில் 60 பேரையும் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கும்.