கிளிநொச்சியில் இருந்துகொண்டு ட்ரவுட் மீனுக்கு நிம்ஃப் கட்டப் பழக முடியுமா? சாமான்கள் கிடைக்குமா?

தாராளமாகப் பழகலாம். இங்குள்ள இரணைமடுக் குளத்தில் ட்ரவுட் இல்லை, அவ்வளவுதான். அது குளிர்நீர் மீன். வெள்ளையர் காலத்தில் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். நம் குளத்துச் சூட்டை அது தாங்காது.

தும்பி போன்ற பூச்சிகள் சிறகு முளைக்குமுன் நீருக்கடியில் வாழும் பருவம்தான் நிம்ஃப். அதைப்போலத் தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரைக்கும் அதே பெயர்தான். மேலே மிதக்கும் பூச்சியைவிட அடியில் ஊரும் இவற்றைத்தான் ட்ரவுட் அதிகம் தின்னும். ஆகவே கட்டுவது அழகாக இருப்பதைவிட விரைவாகத் தாழ்வது முக்கியம். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சோயர் நூலையே ஒதுக்கிவிட்டு மெல்லிய செப்புக் கம்பியால் கட்டினார். கட்டும் அதுவே, பாரமும் அதுவே. உடலுக்கு ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகு வைத்தார். நமக்கு அது எதற்கு? கச்சானைக் கிளறித் தின்னும் மயில் இறகையாவது தரட்டும். உதிர்ந்ததைப் பொறுக்குங்கள், பறவையில் கைவைக்க வேண்டாம்.

கம்பிக்கு எரிந்துபோன மின்விசிறி மோட்டாரைப் பிரியுங்கள். 0.2 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். தூண்டில் முள் 12 அல்லது 14. எண் கூடக்கூட முள் சிறுக்கும். முள்ளைப் பிடிக்கக் குறடு போதும், பிடியில் ரப்பர் பட்டி போட்டு இறுக்குங்கள்.

முள்ளின் காதருகே, அதாவது தங்கூசி கட்டும் துளையருகே, கம்பியைச் சில சுற்றுக் கூடப் போட்டு முதுகு மேடாக்கி, அங்கிருந்து வளைவுவரை நெருக்கமாகச் சுற்றுங்கள். வளைவில் ஊர்க்கோழி இறகின் மூன்று நான்கு இழைகளை வாலாகக் கட்டுங்கள். அதே இடத்தில் மயிலிறகின் இரண்டு இழைகளையும் பிடித்து, கம்பியோடு சேர்த்துக் கயிறுபோல் முறுக்கிய பிறகே முன்னோக்கிச் சுற்ற வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மயிலிழை தனியே நின்றால் மீனின் பல் பட்டதும் அறுந்து அவிழும். கம்பி கூட இருந்தால் நிற்கும். காதருகே கம்பியை நாலைந்து சுற்று இறுக்கி, அசைத்து முறித்து, ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள்.

கட்டியதை நனைத்து வாளித் தண்ணீரில் போடுங்கள். தயங்கித் தயங்கி இறங்கினால் இழை கூடிவிட்டது. நல்ல நிம்ஃப் மெலிந்தே இருக்கும்; கடையில் கொழுகொழுவென்று தொங்குபவை மீனைவிட ஆட்களைத்தான் அதிகம் பிடிக்கும்.

நுவரெலியாப் பக்கம் போகும்வரை திலாப்பியாவிடம் காட்டிப் பாருங்கள். நிம்ஃபை அதுவும் கவ்வும். எறிய மூங்கில் தடியும் தங்கூசியும் போதும்.