பினாயில் வாசனை அடித்தால் வார்டு சுத்தமா?

மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மண்டபம், தூய்மைப் பணியாளர்: அக்கா, தினமும் வார்டைக் கூட்டிவிட்டு பினாயில் போட்டுத் துடைக்கிறோம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வாசனை தூக்கலாக இருக்க வேண்டும் என்கிறார்கள். இது போதுமா?

போதாது தங்கச்சி. முதலில் துடைப்பத்தை வார்டை விட்டு வெளியே வையுங்கள். நம் பக்கத்துக் காற்று ஜன்னல் வழியாக மணலை அள்ளிக்கொண்டு வருகிறது. காய்ந்த தரையைக் கூட்டினால் அது கிருமியோடு கிளம்பி, புண் கட்டின் மேலும் கஞ்சித் தம்ளரின் மேலும் உட்காரும். ஈர மாப் மட்டும் போடுங்கள்.

வாசனை மூக்குக்குத்தான். தரையைவிடக் கை படும் இடங்கள்தான் முக்கியம்: கட்டில் கம்பி, லாக்கர், டிரிப் ஸ்டாண்ட், சுவிட்ச், கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு. கட்டில் கம்பியின் அடிப்பக்கத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். மேலே பளபளக்கும் கம்பியில், கீழே பிளாஸ்டர் பசையும் பிசுக்கும் ஒட்டியிருக்கும். எழுந்து உட்காரும் நோயாளியின் விரல்கள் மடங்கிப் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

மேலிருந்து கீழே, அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குப் போங்கள். கக்கூஸ் கடைசி. துணியை இரண்டு மடிப்பு மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்ததைத் திருப்புங்கள். அடுத்த கட்டிலுக்கு வேறு துணி. துடைத்த துணியைத் திரும்பக் கிருமிநாசினி மருந்து உள்ள வாளியில் முக்கவே கூடாது.

தங்கச்சிமடம், சிறு மருத்துவமனை நிர்வாகி: பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? எங்கள் போர் தண்ணீர் உப்பு. குடம் கணக்கில் வாங்கும் நல்ல தண்ணீரை இதற்குச் செலவழிக்க முடியுமா?

நம் ஊரின் உண்மையான சிக்கல் இதுதான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அழுக்கும் போகாது. அதனால் சோப்புக் கட்டிக்குப் பதில் டிடர்ஜென்ட் பவுடர் வாங்குங்கள். பிளீச்சிங் பவுடரில் கிருமியைக் கொல்வது குளோரின். அதை உப்பு அவ்வளவாகக் கெடுக்காது, அழுக்குதான் தின்றுவிடும். ஆகவே முதலில் டிடர்ஜென்ட் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, பிறகு குளோரின் போடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச்சிங் வீண் செலவு.

அளவு: 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால், 10 லிட்டருக்கு சுமார் 33 கிராம். இது 0.1 சதவீதக் கரைசல், அன்றாடத் துடைப்புக்குப் போதும். ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் வேண்டும், அதாவது லிட்டருக்கு சுமார் 17 கிராம். கையுறை போட்டு ரத்தத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு, இடத்தைக் கழுவிய பிறகே கரைசலை ஊற்றுங்கள். 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். உடனே துடைத்தால் மருந்துக்கு வேலை செய்ய நேரமில்லை.

கரைசல் அன்றன்றைக்குத்தான். மூட்டையைத் திறந்து போட்டால் கடற்காற்றின் ஈரத்தில் பவுடரின் வீரியம் போய்விடும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். வாங்கும் நல்ல தண்ணீரை ஒரே ஒரு வேலைக்கு மிச்சம் பிடியுங்கள்: குளோரின் போட்ட இரும்புக் கட்டிலைக் கடைசியாகத் துடைக்க. உப்பும் குளோரினும் சேர்ந்தால் துரு ஏறும். துருப்பிடித்து சொரசொரத்த கம்பியை எவ்வளவு துடைத்தாலும் சுத்தமாகாது, சுரண்டிப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

கீழக்கரை, வாசகர்: பக்கவாதம் வந்த அத்தாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். சிறுநீர் வாடை போக ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்து ஊற்றலாமா?

வேண்டவே வேண்டாம்! கக்கூஸ் ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். சிறுநீரின் மேல் நேராகப் பிளீச்சிங் ஊற்றினாலும் கெட்ட வாயு வரும். முதலில் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பாதி வாடை அங்கேயே போய்விடும். மெத்தைக்கு ரெக்சின் உறை போடுங்கள், தினமும் துடைக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தொண்டி, வாசகர்: டெங்கு நோயாளி படுத்த கட்டிலில் படுத்தால் தொற்றுமா?

தொற்றாது, கொசுதான் பரப்பும். தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பிடித்து வைக்கும் டிரம்களை இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை உட்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள்.

ராமநாதபுரம், நர்சிங் மாணவி: அறையில் மருந்துப் புகை அடித்தால் துடைக்க வேண்டாமா? பச்சைக் குழந்தை வார்டில் பினாயில் போடலாமா?

புகை துடைப்புக்கு ஈடாகாது. உலகச் சுகாதார நிறுவனமும் அதை அன்றாட முறையாகப் பரிந்துரைக்கவில்லை. பச்சைக் குழந்தைகள் வார்டில் ஃபீனால் வகை பினாயில் வேண்டாம், மஞ்சள் காமாலையைக் கூட்டும்.

தேவிபட்டினம், வாசகர்: மாமியாரைச் சேர்த்திருக்கிறோம். மாப் வாளித் தண்ணீர் கறுத்துப்போய் இருக்கிறது. சண்டை போடாமல் எப்படிக் கேட்பது?

துடைக்கிறவரிடம் கோபப்படாதீர்கள்; பல இடங்களில் அவருக்குக் கொடுத்திருப்பதே ஒரு வாளிதான். வார்டு சிஸ்டரிடம் “மூன்று வாளி இல்லையா சிஸ்டர்?” என்று கேளுங்கள். முதல் இரண்டிலும் வெறும் தண்ணீரில் மாப்பை அலசிப் பிழிந்து, மூன்றாவதில் மட்டும் மருந்தில் முக்குவது முறை. அரசு மருத்துவமனைகளின் சுத்தத்துக்காக மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த காயகல்ப் திட்டத்தின் வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. அப்புறம், உங்கள் பங்குக்கு லாக்கர் மேல் உள்ள பிளாஸ்க், பழம், மாத்திரை எல்லாவற்றையும் காலையில் ஒரு பைக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். சாமான் குவிந்த லாக்கரை யாரும் துடைப்பதில்லை.