பள்ளி மேடையில் 'க்யூபிட்': எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: திருச்சியில் ஒரு பள்ளியில் நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டு விழாவில் பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் நான்கு பேர், ஃபிஃப்டி ஃபிஃப்டி என்ற கொரியப் பெண்கள் குழுவின் 'க்யூபிட்' பாட்டுக்கு, அதன் ஆங்கில வடிவத்துக்கு, ஆடப்போகிறார்கள். இன்னொரு மாணவி அதே பாட்டைத் தனியாகப் பாட ஆசைப்படுகிறாள். விழாவைப் பள்ளியின் யூடியூப் சேனலில் நேரலையாகக் காட்ட நிர்வாகம் விரும்புகிறது. போன வருடம் வேறொரு பாட்டால் பாதி வீடியோவில் சத்தமே போய்விட்டது. "பாட்டைக் கொஞ்சம் வேகமாக்கிப் போடுங்கள், மாட்டாது" என்கிறார் ஒருவர். "உரிமை எங்களுடையதல்ல என்று கீழே எழுதினால் போதும்" என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு விஷயம் மோசமும் இல்லை. மேடையில் ஆடவும் பாடவும் நீங்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. சிக்கல் தொடங்குவது கேமராவை இணையத்தோடு இணைக்கும்போதுதான்.

முதலில் மேடை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விதிவிலக்குகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. கல்வி நிறுவனம் ஒன்றின் செயல்பாடுகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு பாடலையோ நாடகத்தையோ நிகழ்த்துவது அந்தப் பட்டியலில் வருகிறது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கவைப்பதும் அதில் உண்டு. பார்க்க வந்தவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடன அமைப்பையும் நம் சட்டம் நாடகப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருப்பதால், குழுவின் அசைவுகளை அப்படியே எடுத்து ஆடுவதற்கும் இந்த விலக்கு பொருந்தும். ஆண்டு விழாவுக்குப் பள்ளி அரங்கில் இது போதும். வெளியாட்களுக்கு டிக்கெட் விற்றாலோ, ஏதாவது மாலில் கொண்டுபோய் நடத்தினாலோ கதை வேறு. அப்போது உரிமம் வாங்க வேண்டும்.

யூடியூபில் பார்ப்பவர்கள் இந்த வட்டத்துக்குள் வரமாட்டார்கள். பள்ளியின் சேனல்தானே, பெற்றோர்தானே பார்க்கிறார்கள் என்று தோன்றும். லிங்க் யார் கையிலும் போகலாம் என்ற நிலை வந்துவிட்டால் 52-ஆம் பிரிவைச் சொல்லித் தப்புவது கடினம். போன வருடம் உங்களுக்கு நடந்தது இதுதான். அரங்கில் எந்தத் தப்பும் நடக்கவில்லை.

அனுமதி கேட்பதாக இருந்தால் யாரிடம் கேட்பது? இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று. ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. மனை ஒருவர் பெயரிலும் அதன்மேல் கட்டிய வீடு வேறொருவர் பெயரிலும் இருப்பதுபோல. வீட்டுக்காரர் சரி என்றால் மனைக்காரரும் சரி என்றதாக ஆகாது.

'க்யூபிட்' இதற்கு நல்ல உதாரணம். மெட்டு ஸ்வீடனைச் சேர்ந்த பாடலாசிரியர்களிடமிருந்து வந்தது. குழுவின் கீனாவுக்கும் எழுத்தில் பங்கு உண்டு. பதிவு செய்து வெளியிட்டது தென்கொரியத் தலைநகர் சியோலில் இருக்கும் அட்ராக்ட் என்ற சிறிய நிறுவனம். 2022 நவம்பரில் அறிமுகமான குழு, 2023 பிப்ரவரி 24 அன்று இந்தப் பாட்டை வெளியிட்டது. அடுத்த மாதமே அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நூறாவது இடத்தில் நுழைந்து, பிறகு 17 வரை ஏறியது. பிரிட்டன் பட்டியலில் எட்டாவது இடம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத குழுவுக்கு இது அசாத்தியமான வெற்றி. ஆனால் பாட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே கீழே சண்டை தொடங்கிவிட்டது. மெட்டின் உரிமையை ஸ்வீடன்காரர்களிடமிருந்து வாங்கியது அட்ராக்டா, அட்ராக்டுக்காக வேலை பார்த்த வெளித் தயாரிப்பு நிறுவனமா என்று வழக்கே போட்டுக்கொண்டார்கள். பாட்டை வெளியிட்டவர்களுக்கே மெட்டு யாருடையது என்பதில் வழக்கு இருந்தது என்றால், அட்ராக்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி "தாராளமாக ஆடுங்கள்" என்று பதில் வாங்கினாலும் அது பாதி அனுமதிதான்.

சரி, வேகமாக்கும் யோசனைக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. 'க்யூபிட்' உலகம் முழுக்கப் பரவியதே டிக்டாக்கில், பெரும்பாலும் வேகமாக்கிய வடிவத்தில்தான். நம் ஊரில் 2020-லேயே டிக்டாக் தடையாகிவிட்டதால் ரீல்ஸ் வழியாக நம்மிடம் வந்தது. ஆனால் அந்த வேகமான வடிவமும் ஸ்ட்ரீமிங் தளங்களில் முறையாக இருக்கிறது. யூடியூபின் கண்டெண்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை முறை, உரிமையாளர்கள் கொடுத்துவைத்த ஒலியோடு ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிடுகிறது. கொஞ்சம் வேகம் கூட்டுவது, சுருதியை ஏற்றுவது எல்லாம் அதற்குப் பழகிய வேலை. ஒருவேளை தப்பினாலும் மறைக்க முயன்றது போலாகிவிடும். மாணவிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. 'உரிமை எங்களுடையதல்ல' என்ற வரிக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, ஒத்திகையை அதே ஒலிப்பதிவோடு போனில் எடுங்கள். பள்ளிச் சேனலில் 'பிரைவேட்' என்று வைத்துப் பதிவேற்றுங்கள். வெளியிடுவதற்கு முந்தைய படியில் யூடியூபே பதிப்புரிமைச் சோதனை செய்து காட்டும். எதுவும் மாட்டினால் வீடியோவின் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எந்தப் பாட்டு, யார் உரிமை கோருகிறார்கள், அதனால் என்ன ஆகும் என்று எல்லாம் அங்கே இருக்கும். கடைசி விவரத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். சில உரிமையாளர்கள் வீடியோவை இருக்கவிட்டு விளம்பர வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சிலர் சில நாடுகளில் மட்டும் தடுப்பார்கள், சிலர் முழுக்கத் தடுப்பார்கள். கொரிய வடிவத்துக்கு ஒரு பதில், ஆங்கில வடிவத்துக்கு வேறொரு பதில்கூட வரலாம். அதனால் விழாவில் போடப்போகும் அதே கோப்பை வைத்தே சோதியுங்கள்.

இப்படி வரும் உரிமை கோரலைப் பார்த்துப் பதற வேண்டாம். அது 'ஸ்ட்ரைக்' இல்லை. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லும்போது வருவது. 90 நாட்களுக்குள் மூன்று வந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. கோரல் மட்டும் என்றால் யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், வேறு இசையை வைக்கலாம், அல்லது பாட்டை மட்டும் அழித்துவிடலாம். மறுப்பும் தெரிவிக்கலாம், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் உங்களிடம் உண்மையில் உரிமம் இல்லாதபோது மறுப்புப் போடாதீர்கள்.

நேரலை வேண்டவே வேண்டாம். நடுவில் பாட்டு மாட்டினால் மொத்த ஒளிபரப்பும் நின்று, வெறும் படம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளலாம். தலைமையாசிரியர் உரையும் சேர்ந்து போய்விடக்கூடும். நிர்வாகம் விடாப்பிடியாக இருந்தால், சினிமாப் பாட்டு உட்படப் பதிவு செய்த பாட்டு வரும் நிகழ்ச்சிகளின்போது மட்டும் நேரலையின் ஒலியை அணைக்கச் சொல்லுங்கள்.

பாடும் மாணவிக்கு வழி கொஞ்சம் எளிது. கீபோர்டோ கிட்டாரோ வாசிக்கத் தெரிந்தவர் பள்ளியில் இருந்தால், அவர் வாசிக்க இவள் பாடட்டும். அப்போது குழுவின் ஒலிப்பதிவு எதையும் நீங்கள் தொடவில்லை, மெட்டும் வரிகளும் மட்டுமே மிச்சம். இப்படிப்பட்ட கவர் வீடியோக்களைப் பெரும்பாலும் யூடியூபில் விட்டுவைத்து விளம்பர வருமானத்தைப் பாடலாசிரியர் தரப்பு எடுத்துக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும் கரோக்கியைப் போட்டால் இந்த வசதி போய்விடும். அதையும் யாரோ பதிவு செய்திருக்கிறார்கள், அதுவும் ஒருவருடைய சொத்து. அப்புறம், அவள் பாடியதை ஸ்பாட்டிஃபையில் வெளியிடலாமா என்று யாராவது கேட்டால், அதற்குத் தனி உரிமம் வேண்டும், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் போடுவதானால் பள்ளியின் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். 'பிசினஸ்' கணக்காக இருந்தால் பிரபலமான பாடல்கள் பலவும் அதன் இசைப் பட்டியலிலேயே வராது. பெற்றோர் தங்கள் சொந்தக் கணக்கில், செயலியின் பட்டியலிலிருந்தே பாட்டைச் சேர்த்து ரீலாகப் போடுவது இதைவிடச் சுலபம். யார் போட்டாலும், மேடையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் முன்பே கேட்டுவிடுங்கள். இதை நான் பதிப்புரிமையைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

உங்கள் துறை சம்பந்தமாக ஒன்று. ஆங்கில வடிவத்தின் பெயர் 'ட்வின் வெர்ஷன்'. அதில் அரனும் சியோவும்தான் பாடுகிறார்கள், ராப் பகுதி கிடையாது. நீங்கள் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொடுக்கும் நடனம் நான்கு பேரும் பாடும் கொரிய வடிவத்துக்கு அமைத்தது. ராப் வரும் இடத்தில் யார் முன்னால் வருவது என்ற வரிசை ஆங்கிலப் பதிவோடு பொருந்தாது, அந்த இடத்தை நீங்களே அமைக்க வேண்டியிருக்கும். அறிவிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கும்போது கீனா, சேனா, சியோ, அரன் என்று நான்கு பெயர்களையும் சொல்லச் சொல்லுங்கள். இப்போது அதே பெயரில் இருக்கும் குழு 2024-ல் ஐந்து பேரோடு புதிதாக அமைந்தது. பழைய நால்வரில் கீனா மட்டுமே அதில் இருக்கிறார். இணையத்தில் தேடினால் முதலில் புதுக் குழுவின் படம்தான் வரும், அதைத் திரையில் போட்டுவிடாதீர்கள்.